பழம் பறிக்கும் பகடை ஆட்டம் மக்கர் பண்ணினால்: கோளாறு வாரியாகப் பார்க்கும் வழி

அட்டையில் நான்கு மரங்கள்: சிவப்பு மாதுளை, மஞ்சள் மாம்பழம், பச்சைக் கொய்யா, ஊதா நாவல். பகடையின் நான்கு முகங்களில் இதே நான்கு நிறங்கள். ஐந்தாவது முகத்தில் கூடை. அது விழுந்தால் வேண்டிய பழத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆறாவதில் காக்கா; அது விழுந்தால் கையில் இருப்பதில் ஒன்றைத் திரும்ப மரத்தில் வைத்துவிட வேண்டும். நான்கு நிறத்திலும் ஒவ்வொன்று சேர்த்துவிட்டால் வெற்றி. உங்கள் வீட்டில் இருப்பதில் பழத்துக்குப் பதில் மீனோ முட்டையோ இருக்கலாம், எண்ணிக்கை வேறாக இருக்கலாம். உருட்டிச் சேர்க்கிற ஆட்டம் என்றால் கீழே உள்ளது அதற்கும் பொருந்தும்.

எங்கள் தெருவில் உள்ள சிறுவர் வாசிப்பு மூலையிலிருந்து இந்த செட்டுகளை வீடுகளுக்குக் கொடுத்தனுப்புகிறோம். திரும்பி வரும்போது கூடவே வருகிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "டைஸ் சரியில்லக்கா." எடுத்து உருட்டிப் பார்த்தால் டைஸ் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு விதியில் இருக்கும், இல்லாவிட்டால் உருட்டுகிற இடத்தில் இருக்கும். அதனால் ஒவ்வொரு கோளாறுக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். மேலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள், சரியானதும் நிறுத்திவிடுங்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. காய் ஒன்று காணாமல் போய், வீட்டில் சின்னக் குழந்தை இருமிக்கொண்டோ எச்சில் ஒழுகிக்கொண்டோ இருந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். நேராக "காய் காணோம்" பகுதிக்குப் போங்கள்.

## கோளாறு: ஆட்டம் முடியவே மாட்டேன் என்கிறது

அதிகம் வருவது இதுதான். ஆட்டம் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் கவனியுங்கள்.

### தொடக்கத்திலேயே நிற்கிறது

தாத்தாவோ பாட்டியோ கூட உட்கார்ந்து ஆடுகிறார்களா? அப்படியென்றால் "தாயம் போட்டாத்தான் இறங்கணும்" என்ற விதி சத்தமில்லாமல் உள்ளே நுழைந்திருக்கும். சிவப்பு விழுந்தால்தான் தொடங்கலாம், கூடை விழுந்தால்தான் தொடங்கலாம் என்று ஏதாவது ஒரு வடிவத்தில். தாயக்கட்டத்தில் பெரியவர்களுக்கு அந்தக் காத்திருப்பே ருசி. நாலு வயதுப் பிள்ளைக்கு அது தண்டனை.

கணக்கு இது. ஆறு முகப் பகடையில் குறிப்பிட்ட ஒரு முகம் பத்து முறை உருட்டியும் விழாமலே போக ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. நாலு பிள்ளைகள் ஆடினால், அவர்களில் ஒருவராவது இப்படிப் பத்து முறையும் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அழுகை எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரியும்.

செய்ய வேண்டியது: இறங்கும் விதியை எடுத்துவிடுங்கள். முதல் உருட்டே கணக்கு. பாட்டியிடம் மட்டும் கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள்.

### நடுவில் இழுத்துக்கொண்டே போகிறது

காக்காவைப் பாருங்கள். காக்கா என்ன எடுக்கிறது, கூடை முகம் என்ன கொடுக்கிறது என்ற இரண்டு விஷயங்கள்தான் ஆட்டத்தின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு பிள்ளை நான்கு பழத்தையும் சேர்த்து முடிக்கச் சராசரியாக எத்தனை முறை உருட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டால் இப்படி வருகிறது:

காக்கா வந்தால் முறை மட்டும் போகும், பழம் போகாது என்றால் ஏறக்குறைய 8 உருட்டு.
காக்கா ஒரு பழத்தை எடுக்கும் என்றால் 10.
காக்கா கூடையையே கவிழ்த்துவிடும், எல்லாம் மரத்துக்குத் திரும்ப வேண்டும் என்றால் 12.

இந்த மூன்றும் கூடை முகம் ஒழுங்காக வேலை செய்யும்போது. பகடையில் கூடைப் படம் அழிந்துபோய், "அது வெத்து, ஒண்ணும் கிடையாது" என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தால் ஆட்டம் தடாலென்று நீண்டுவிடும். ஒரு பழத்தை எடுக்கும் காக்காவோடு 18 அல்லது 19 உருட்டு, கூடையைக் கவிழ்க்கும் காக்காவோடு 24. பத்து உருட்டில் முடிய வேண்டிய ஆட்டம் ஒரே ஒரு அழிந்த படத்தால் இரட்டிப்பாகிறது. பல வீடுகளில் நான் கண்ட கோளாறு இதுதான். மார்க்கர் எடுத்துக் கூடையைத் திரும்ப வரைந்ததும் சரியாகிவிட்டது.

சோதனை: பகடையைக் கையில் எடுத்து ஆறு முகங்களையும் பிள்ளையிடமே காட்டி, "இது விழுந்தா என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். எந்த முகத்துக்கு "தெரியல" என்றோ "ஒண்ணுமில்ல" என்றோ பதில் வருகிறதோ அங்கே கோளாறு.

கூடையைக் கவிழ்க்கும் விதி நம் வீட்டுப் பெரியவர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1960இல் வந்த ஹை ஹோ செர்ரி ஓ என்ற ஆட்டத்திலும் இதே தண்டனை உண்டு: வாளி கவிழ்ந்தால் பறித்த செர்ரி அத்தனையும் மரத்துக்குத் திரும்ப வேண்டும். என்னைக் கேட்டால் ஐந்து வயதுக்குக் கீழே அந்த விதி வேண்டாம்.

### கடைசி ஒரு பழத்துக்காகத் தவம் கிடக்கிறது

மூன்று பழம் கூடையில் இருக்கிறது, நாவல் மட்டும் வரமாட்டேன் என்கிறது. இது பகடையின் குற்றமில்லை, எந்தச் சேகரிப்பு ஆட்டமும் கடைசியில்தான் இறுகும். கூடை முகம் இருந்தால் நாவலோ கூடையோ எது விழுந்தாலும் போதும்; காக்கா நடுவில் வராவிட்டால் சராசரியாக மூன்று முறை. கூடை இல்லாவிட்டால் ஆறு முறை. நாலு பேர் ஆடும்போது தன்னுடைய ஆறு முறை என்றால் மொத்தம் இருபத்து நாலு உருட்டை அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

செலவில்லாத வழி: மூன்று பழம் சேர்ந்த பிள்ளைக்கு ஒரு முறைக்கு இரண்டு உருட்டு கொடுங்கள். எல்லாருக்கும் பொதுவான விதி என்பதால் சண்டை வராது.

எண் பகடை வைத்து, விழுந்த எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை சேர்த்து "சரியாகப் பத்தில் முடிக்கணும்" என்று ஆடுகிற வீடுகளும் உண்டு. அங்கேயும் இதே கதை. ஒன்பதில் நிற்கிற பிள்ளைக்கு ஒன்று மட்டுமே வேண்டும், அதற்குச் சராசரியாக ஆறு முறை காத்திருக்க வேண்டும். "பத்து அல்லது அதற்கு மேல்" என்று மாற்றிவிடுங்கள்.

### ஆட்டம் ஓடுகிறது, பிள்ளை ஓடிவிட்டது

ஆட்களை எண்ணுங்கள். நாலு பேருக்கு மேல் இருந்தால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள். இதற்கு வேறு மருந்து கிடையாது.

## கோளாறு: "அவனுக்கே விழுது!"

ஒரே பிள்ளைக்குக் கூடையாக விழுகிறது, இன்னொருத்திக்குக் காக்காவாக விழுகிறது. இங்கேதான் எல்லாரும் பகடையைச் சந்தேகிக்கிறார்கள். பகடைக்கு முன்னால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

### முதலில் கையைப் பாருங்கள்

பிள்ளையின் கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? நாலைந்து வயதுப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் ஒரு வித்தையைக் கற்றுக்கொள்கிறார்கள். வேண்டிய முகத்தை மேலே வைத்துப் பிடித்து, கையை அட்டைக்கு மேலே ஓர் அங்குலத்தில் வைத்து, மெதுவாக நழுவ விடுவது. பகடை புரளுவதே இல்லை, அப்படியே குந்திக்கொள்ளும். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும், ஆனால் சுத்தமான போங்கு ஆட்டம். பிள்ளைக்கு அது ஏமாற்று என்றுகூடத் தோன்றாது. நல்ல முகம் வேண்டும், அதனால் நல்ல முகத்தை வைக்கிறது.

திட்ட வேண்டாம். ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கவிழ்க்கச் சொல்லுங்கள், எல்லாரும். பெரியவர்களும். டம்ளர் வந்ததோடு இந்தப் புகார் பாதிக்கு மேல் நின்றுவிடும்.

### அப்புறம் தரையை

பாய் மேல் உருட்டினால் மடிப்பில் சாய்ந்து நிற்கும். மெத்தை மேல் உருட்டினால் புரளாது. "சாய்ஞ்சு நின்னா மறுபடி உருட்டணும்" என்ற விதியை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது, விழுந்த பிறகு சொன்னால் சண்டை. ஒரு தாம்பாளமோ டிபன் தட்டோ வைத்து, அதில் பழைய பருத்தித் துணியை விரித்து உருட்டினால் சத்தமும் குறையும், சோபாவுக்கு அடியில் ஓடுவதும் நிற்கும்.

### பிறகு முகங்களை

கடையில் வாங்கிய மலிவு எண் பகடை என்றால் எதிரெதிர் முகங்களைக் கூட்டிப் பாருங்கள். ஒன்றுக்கு எதிரே ஆறு, இரண்டுக்கு எதிரே ஐந்து, மூன்றுக்கு எதிரே நாலு. எல்லாம் ஏழு வர வேண்டும். வராவிட்டால் அச்சில் கோளாறு, ஒரே எண் இரண்டு முகத்தில் இருக்கவும் கூடும். ஸ்டிக்கர் ஒட்டிய வண்ணப் பகடை என்றால் உரிந்ததைத் திரும்ப ஒட்டும்போது யாரோ மஞ்சளை இரண்டு முறை ஒட்டியிருக்கலாம். ஒரு பக்கம் ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கராக ஏறியிருந்தாலும் முகம் உப்பிப் போய் அந்தப் பக்கம் சரியாக உட்காராது. எல்லாவற்றையும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள்.

### கடைசியில்தான் பகடையை

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் தீரவில்லையென்றால் அறுபது முறை உருட்டிக் கோடு போட்டு எண்ணுங்கள். டம்ளரில் குலுக்கித்தான். ஒவ்வொரு முகமும் பத்து முறை வாக்கில் வர வேண்டும். அச்சாகப் பத்து வராது. ஐந்திலிருந்து பதினைந்துக்குள் இருந்தால் பகடை மேல் பழி போட ஒன்றுமில்லை. ஏதாவது ஒரு முகம் பதினேழோ அதற்கு மேலோ வந்தாலும், மூன்றோ அதற்குக் கீழோ வந்தாலும் அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள், நல்ல பகடையிலும் எப்போதாவது அப்படி வரும். இன்னொரு அறுபது உருட்டுங்கள். திரும்பவும் அதே முகம்தான் துருத்திக்கொண்டு நிற்கிறது என்றால் பகடை சாய்ந்தது.

பிளாஸ்டிக் பகடைக்குச் சுருக்கு வழி ஒன்று இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பகடை மிதக்கும். மிதக்கும்போது விரலால் சுண்டிச் சுண்டி விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே முகம் மேலே வந்து நின்றால், உள்ளே எங்கோ காற்றுக்குமிழி இருக்கிறது. சில பகடைகள் கனமானவை, எவ்வளவு உப்புப் போட்டாலும் மூழ்கியே கிடக்கும். அவற்றுக்கு அறுபது உருட்டுதான்.

மரப் பகடைக்கு இந்த உப்புத் தண்ணீர் வேண்டாம், ஊறி வீங்கிவிடும். ஸ்கேல் எடுத்து மூன்று திசையிலும் அளவு பாருங்கள். ஒரு பக்கம் 25 மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் 22 என்றால் அது கனசதுரமில்லை, செங்கல். அகலமான முகத்தில் படுக்கத்தான் பார்க்கும்.

### எப்போது தச்சரிடம் போகலாம்

செங்கல் வடிவப் பகடையை வீட்டில் உப்புத்தாள் தேய்த்துச் சரிசெய்ய முயல்வது வீண். ஒரு பக்கம் தேய்க்க மறுபக்கம் சாயும். மரக்கடையிலோ தச்சரிடமோ சதுர ரீப்பரில், அதன் அகலம் எவ்வளவோ அதே நீளத்துக்குத் துண்டு போடச் சொல்லுங்கள். அறுத்த பிறகு முனைகளை மட்டும் லேசாக மழித்துத் தரச் சொல்ல வேண்டும், கூர் முனை இருந்தால் பகடை புரளாது, காலில் குத்தும். ஒரே ரீப்பரில் ஆறேழு துண்டாகப் போட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். பகடை எப்படியும் தொலையும்.

அறுத்த இரண்டு பக்கமும் நார் வாய் திறந்திருக்கும். மார்க்கர் அங்கே ஊறிப் பரவும். அந்த இரண்டு முகத்துக்கும் முதலில் வெள்ளைப் பெயின்ட் ஒரு கை கொடுத்துக் காய்ந்த பின் நிறம் தீட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய எனாமல் வேண்டாம், ஈயம் கலந்ததாக இருக்கக்கூடும். பொம்மைக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருக்கும் பெயின்ட்டையே வாங்குங்கள்.

## கோளாறு: அழுகை, அழுகுணி ஆட்டம், அட்டையைக் கவிழ்ப்பது

மணியைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன்னாலோ தூங்கும் நேரத்திலோ என்றால் ஆட்டத்தில் கோளாறு எதுவுமில்லை. மூடி வைத்துவிடுங்கள்.

தூக்கமும் பசியும் இல்லை, ஆனாலும் காக்கா விழும்போதெல்லாம் கண்ணீர் என்றால் காக்காவின் வேலையை மாற்றுங்கள். பழத்தைத் திருப்பி வைப்பதுதான் சின்னப் பிள்ளைக்குத் தாங்காத விஷயம். கிடைக்காமல் போவதைப் பொறுத்துக்கொள்ளும், கிடைத்ததைக் கொடுப்பதைப் பொறுக்காது. காக்கா விழுந்தால் எல்லாரும் ஒருமுறை "கா கா" என்று கத்த வேண்டும், அவ்வளவுதான் என்று வைத்தால் அதே முகத்துக்காகப் பிள்ளைகள் ஏங்குவார்கள். மேலே சொன்ன கணக்குப்படி ஆட்டமும் இரண்டு உருட்டு குறையும்.

அதற்கும் அடங்கவில்லை, தோற்பதே பிரச்சினை என்றால் எல்லாரையும் ஒரு கட்சி ஆக்கிவிடுங்கள். ஜெர்மனியில் ஹாபா நிறுவனம் 1986இல் வெளியிட்ட ஓப்ஸ்ட்கார்டன் ஆட்டத்தின் வழி இது. அதை வடிவமைத்தவர் அன்னெலீசே ஃபார்க்கஷோவ்ஸ்கி. அந்த ஆட்டத்தில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுவதில்லை. எல்லாரும் சேர்ந்து பழம் பறிக்கிறார்கள், காக்கை முகம் விழும்போதெல்லாம் ஒன்பது துண்டு காக்கைப் படத்தில் ஒரு துண்டு சேரும். படம் முழுசாகும் முன் மரங்கள் காலியானால் பிள்ளைகள் வென்றார்கள். இல்லாவிட்டால் காக்கைக்கு வெற்றி.

உங்கள் அட்டையில் இதைச் செய்யக் காசு வேண்டாம். நடுவில் ஒரே கூடை. மரத்துக்கு நாலு பழம். அட்டை ஓரத்தில் சாக்பீஸால் ஆறு கட்டம், ஒரு பொத்தான்தான் காக்கா. காக்கா விழுந்தால் பொத்தான் ஒரு கட்டம் நகரும். ஆறாவது கட்டத்தைத் தொட்டுவிட்டால் காக்கா தோட்டத்துக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் அடிக்கடி தோற்றால் ஒரு கட்டம் கூட்டுங்கள், சலிக்கும் அளவுக்கு ஜெயித்தால் ஒன்றைக் குறையுங்கள். கூடை விழும்போது எந்த மரத்திலிருந்து எடுப்பது என்று பிள்ளைகளே விவாதிக்கட்டும். அதிகம் பழம் மிச்சமிருக்கிற மரத்திலிருந்து எடுப்பதுதான் லாபம். அதை நீங்கள் சொல்லாதீர்கள். கொஞ்ச நாளில் யாராவது ஒரு வாண்டு கண்டுபிடித்துவிடும்.

## கோளாறு: நிறத்தை மாற்றி எடுக்கிறது

பச்சை விழுந்தால் சிவப்பை எடுக்கிறது. "ஏமாத்துறா" என்று அண்ணன் கத்துவான். அவசரப்பட வேண்டாம்.

முதலில் வெளிச்சம். இரவில் மஞ்சள் பல்பின் கீழ் ஊதாவும் கறுப்பும் ஒன்றுதான், வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுதான். பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள்.

அடுத்து, மங்கிய நிறம். பகடையில் உள்ள சிவப்பும் காயில் உள்ள சிவப்பும் உண்மையிலேயே ஒரே சிவப்பா? வெவ்வேறு பெயின்ட்டில் தீட்டியதென்றால் பிள்ளை குழம்புவதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, பெயர். இதற்கு ஒரு சோதனை. நிறத்தின் பெயரைச் சொல்லாமல் பகடையைக் காட்டி, "இதே மாதிரி ஒண்ணு எடு" என்று கேளுங்கள். சரியாக எடுக்கிறதென்றால் கண்ணில் ஒன்றுமில்லை, பெயர்தான் இன்னும் பதியவில்லை. விட்டுவிடுங்கள், தானாக வரும்.

பகல் வெளிச்சத்தில், ஒரே பெயின்ட்டில், பெயர் சொல்லாமல் கேட்டும் சிவப்பையும் பச்சையையும் திரும்பத் திரும்ப மாற்றுகிறதென்றால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பு பச்சை பிரித்தறிவதில் வரும் குறை பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, பெண்களைவிட ஆண்களிடம் மிக அதிகம், தாய் வழியாக மகனுக்கு வருவது. அம்மாவின் அப்பாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இப்படி இருந்ததா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எண் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் சோதனை உண்டு. புள்ளிகளுக்கு நடுவே வளைந்து போகும் கோட்டை விரலால் தடவிக் காட்டச் சொல்வார்கள். பிறவிக் குறைக்கு மருந்து கிடையாது, ஆனால் பள்ளியில் டீச்சருக்குத் தெரிந்திருந்தால் பிள்ளைக்குத் தேவையில்லாத திட்டு மிச்சம்.

ஆட்டத்துக்கு வேண்டிய மாற்றம் எளிது. ஒவ்வொரு நிறத்தோடும் ஒரு வடிவம்: சிவப்பில் வட்டம், பச்சையில் முக்கோணம், மஞ்சளில் சதுரம், ஊதாவில் பெருக்கல் குறி. பகடையிலும் காயிலும். குறை இல்லாத வீட்டிலும் இப்படி வைத்துக்கொண்டால் இரவு ஆட்டத்துக்கு உதவும்.

## கோளாறு: எண்ணிக்கை தப்புகிறது

இது எண் பகடை செட்டுக்கு மட்டும்.

காய் நிற்கிற கட்டத்தையே "ஒண்ணு" என்று தொடங்குகிறதா? மூன்று விழுந்தால் இரண்டு கட்டம்தான் நகரும். காயைத் தூக்கி அடுத்த கட்டத்தில் வைத்த பிறகே வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கட்டங்களில் எண் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. ஐந்தில் இருக்கும் காய் இரண்டு நகரும்போது "ஒண்ணு, ரெண்டு" என்பதற்குப் பதில் "ஆறு, ஏழு" என்று சொல்லிக்கொண்டே நகர்த்தப் பழக்குங்கள்.

பகடைப் புள்ளிகளையே தப்பாக எண்ணுகிறதென்றால் ஆறு முகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என இரண்டு செட்டாகப் போட்டுப் பகடை செய்துகொடுங்கள். மூன்று வயதுக்கு அது போதும். அவசரம் எதுவுமில்லை.

## கோளாறு: காய் காணோம்

தேடும் வரிசை: பெட்டியின் மடிப்பு, பாய்க்கு அடி, பிள்ளையின் கால்சட்டைப் பை, தம்பி தங்கையின் கை. கடைசியாக வாய்.

தம்பி தங்கை என்று வந்துவிட்டால் விளையாட்டு இல்லை. மூன்று வயதுக்குக் கீழ் ஒரு குழந்தை நடமாடுகிற வீட்டில் 4 சென்டிமீட்டர் அகலக் குழாய்க்குள் நுழையும் எந்தக் காயும் இருக்கக் கூடாது. உருண்டைக் காய் என்றால் இன்னும் பெரிதாக, 4.5 சென்டிமீட்டருக்கு மேல். ஒரு அங்குலப் பகடைகூட இந்த அளவில் தேறாது, அந்த வீட்டுக்கு இரண்டு அங்குலக் கட்டை செய்யுங்கள்.

### மூச்சு திணறுகிறது, இருமல் நிற்கவில்லை, எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை

உடனே 108. குழந்தை சத்தமாக இருமுகிறதென்றால் இரும விடுங்கள், அதுவே வெளியே தள்ளும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

### மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டது

ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி எதுவும் வேண்டாம். காதில் விதை போயிருந்தால் தண்ணீரும் விடக் கூடாது, விதை ஊறிப் பெருத்து இறுகிக்கொள்ளும். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். காய் தொலைந்து சில நாள் கழித்து, ஒரே ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிகிறதென்றால் அதைச் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். தொலைந்த புளியங்கொட்டை அங்கே இருக்கலாம்.

### எந்தக் காயை வைக்கவே கூடாது

குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், பழைய வீடுகளில் பல்லாங்குழிப் பெட்டியோடு கிடைக்கும், நிறம் பிரிக்கவும் தோதாக இருக்கும். ஆனால் அதன் பருப்பில் இருக்கும் அப்ரின் கொடிய விஷம். முழுசாக விழுங்கினால் மேல்தோடு ஓரளவு காக்கும். கடித்தாலோ, கோப்பதற்காகத் துளையிட்டதாக இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. முழு விதைதானே என்று இருந்துவிடாதீர்கள், விழுங்கியது தெரிந்ததும் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு. கறுப்புக் கண் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் காந்தத்தைப் பழமாக வைத்து ஆடும் யோசனையும் வேண்டாம். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலின் இரண்டு மடிப்புகளை இழுத்து ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும்.

குழந்தைகள் எல்லாரும் நலம், மூன்று வயதுக்குக் கீழே யாரும் வீட்டில் இல்லை, காய் மட்டும்தான் இல்லை என்றால் பெரிய சட்டைப் பொத்தான் ஒன்றுக்கு நிறம் தீட்டிச் சேர்த்துவிடுங்கள். செட்டில் நாலு உதிரிக் காய் எப்போதும் வைத்திருப்பது நல்லது.

## கோளாறு: அட்டை வளைந்துவிட்டது, காய்கள் வழுக்கி ஓடுகின்றன

மழைக்காலத்தில் வருவது. வளைவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். படம் ஒட்டிய பக்கமாகக் குழிந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டியதுதான் காரணம்: பசையில் நனைந்த தாள் விரியும், காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். பின்பக்கமும் அதே கனத்தில் ஒரு வெள்ளைத் தாளை அதே பசையால் ஒட்டி, இரண்டு பக்கமும் செய்தித்தாள் வைத்து, மேலே அரிசி டின்னையோ தடித்த புத்தகங்களையோ ஏற்றி ஒரு ராத்திரி விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். இன்னொரு ராத்திரி தேவைப்படலாம்.

லேமினேஷன் ஓரம் பிரிந்து உள்ளே ஈரம் போயிருந்தால் டேப் ஒட்டிப் பயனில்லை. ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். படத்தைத் திரும்ப அச்சிடுவதே மேல். அச்சுக்கடையில் சன்போர்டில் ஒட்டித் தரச் சொல்லலாம், அது ஈரத்துக்கு வளையாது. ஆனால் பிள்ளை மேலே ஏறி உட்கார்ந்தால் உடையும்.

நடு மடிப்பு கிழிந்திருந்தால் பைண்டிங் கடை. மில் போர்டில் இரண்டு பாதியாக வெட்டி, நடுவில் காலிகோ துணி வைத்து ஒட்டித் தருவார்கள். துணி இரண்டு பக்கமும் வர வேண்டும் என்று சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் வைத்தால் சீக்கிரம் கிழியும். இரண்டு பாதிக்கும் நடுவே அட்டையின் கனத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விடச் சொல்லவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முழுசாக மடியாது. அப்புறம் பசையைப் பற்றிக் கேளுங்கள். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் என்ற விஷ உப்பைக் கலப்பது பைண்டர்களின் பழைய வழக்கம். கணக்கு நோட்டுக்கு அது சரி. அட்டையின் மூலையைக் கடிக்கிற பிள்ளைகள் ஆடப்போவது இது, துத்தம் போடாத பசையோ ஃபெவிக்காலோ போதும் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.